காற்றில் வந்த ஆட்டங்கள் – 14: கண்டதைச் சொன்னவர்

1921 ஆகஸ்ட் 5 அன்று பிட்ஸ்பர்க் நகரின் கே.டி.கே.ஏ. நிலையம் ஒரு பேஸ்பால் ஆட்டத்தை முதன்முதலாக ஒலிபரப்பியதைச் சென்ற இதழில் பார்த்தோம். அன்று ஒலிவாங்கிக்கு முன் உட்கார்ந்த ஹரால்ட் ஆர்லின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் ஊழியர். வர்ணனை அவருக்குத் தொழிலாக இருக்கவில்லை. அடுத்த பத்து ஆண்டுகளில் குரல்வளம் உள்ளவர்கள் பலர் வந்தார்கள். ஆட்டம் மந்தமாகப் போனால் அதைப் பரபரப்பாக்கிச் சொன்னார்கள். நடக்காததையும் நடந்ததாகச் சொன்னார்கள். கேட்பவருக்கு மைதானம் தெரியாது என்கிற தைரியம்தான் காரணம்.

அந்தத் தைரியத்தை அருவருத்த ஒருவரைப் பற்றியது இந்த அத்தியாயம். பெயர் வால்ட்டர் லேனியர் பார்பர். செம்பட்டை முடி காரணமாக ஊரே அவரை 'ரெட்' பார்பர் என்றது.

1908 பிப்ரவரி 17 அன்று மிசிசிப்பி மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் பிறந்தவர். தந்தை ரயில் எஞ்சின் ஓட்டுநர், தாய் ஆசிரியை. பத்து வயதில் குடும்பம் புளோரிடாவின் சான்ஃபோர்ட் ஊருக்குக் குடிபெயர்ந்தது. அமெரிக்கத் தெற்கில் அன்றைய வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகள் எப்படி வளர்ந்தார்களோ அப்படித்தான் இவரும் வளர்ந்தார். கறுப்பர்களுக்குத் தனிப் பள்ளி, தனிக் குடியிருப்பு, ரயிலில் தனிப் பெட்டி. கறுப்பர்களின் உடம்பில் கீல் பூசி இறகு ஒட்டித் தெருவில் நடத்திச் சென்ற கு கிளக்ஸ் கிளான் கும்பலைத் தாம் கண்ணால் கண்டதாகப் பிற்காலத்தில் அவரே எழுதினார். இளமையில் அவருக்கிருந்த ஆசை, முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைப் போல நடித்துச் சிரிக்கவைக்கும் மேடைக் குழுக்களில் சேர்வது. அந்தக் கலை அப்போது அழிந்துகொண்டிருந்ததால் ஆசை நிறைவேறவில்லை. இந்தப் பின்னணியை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நடந்தவற்றின் எடை அப்போதுதான் தெரியும்.

இருபத்தோரு வயதில், வழியில் போகும் வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தி ஏறி, கெய்ன்ஸ்வில் நகரில் இருந்த புளோரிடா பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். ஆசிரியராவது திட்டம். கையில் பணம் இல்லை. பேராசிரியர்கள் தங்கியிருந்த விடுதியைக் கூட்டிப் பெருக்கும் வேலை கிடைத்தது. பல்கலைக்கழகத்துக்கு டபிள்யூ.ஆர்.யூ.எஃப். என்று சொந்தமாக ஒரு வானொலி நிலையம் இருந்தது. 1930 ஜனவரியில் ஒருநாள் அங்கே வேளாண் கட்டுரைகளை வாசிக்க வேண்டியவர்களில் ஒருவர் வரவில்லை. நிகழ்ச்சியை நடத்தியவர், ஒரு கட்டுரையை வாசித்துக் கொடுத்தால் இரவுச் சாப்பாடு வாங்கித் தருவதாகச் சொல்லிப் பார்பரை உட்காரவைத்தார். பசுக்களின் பேறுகாலம் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரை அது. அமெரிக்க விளையாட்டு வர்ணனையின் மிகப் பெரிய குரல்களில் ஒன்று முதலில் உச்சரித்த சொற்கள் கன்று ஈனுவதைப் பற்றியவை. நிலையத்தார் அவரை விடவில்லை. படிப்பு நின்றது, வேலை நிலைத்தது.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் முதல் கால்பந்து வர்ணனை. அமெரிக்கக் கால்பந்து, அதாவது கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். பார்பர் எந்தத் தயாரிப்பும் இல்லாமல் போய் உட்கார்ந்து மோசமாகச் சொதப்பினார். உலகத்திலேயே மிக மட்டமான வர்ணனை தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இன்னொரு வாய்ப்பைக் கேட்டு வாங்கி, அதற்குமுன் பயிற்சிக் களத்துக்குப் போய் ஒவ்வொரு ஆட்டக்காரனையும் அறிந்துகொண்டு வந்தார். ஆட்டம் தொடங்குவதற்கு வெகு முன்பே மைதானத்துக்குப் போய்விடும் பழக்கம் அன்று தொடங்கியது; கடைசிவரை விடவில்லை. 1931இல் லைலா ஸ்கார்பரோ என்ற செவிலியரை மணந்துகொண்டார். இந்தப் பெயரையும் வாசகர்கள் நினைவில் வைக்கலாம்.

1934இல் சின்சினாட்டி ரெட்ஸ் அணியின் உரிமையாளர் பவல் கிராஸ்லி, தம்முடைய வானொலி நிலையத்துக்கு வாரம் 25 டாலர் சம்பளத்தில் அவரை அழைத்தார். ஏப்ரல் 17 அன்று பருவத்தின் முதல் ஆட்டம். பார்பர் தம் வாழ்க்கையில் நேரில் பார்த்த முதல் தொழில்முறைப் பெருங்குழு (மேஜர் லீக்) ஆட்டமும் அதுதான். அதையே அவர் வர்ணித்தார். மறு ஆண்டு மே 24 அன்று அதே மைதானத்தில் பெருங்குழுக்களின் முதல் இரவு ஆட்டம். வாஷிங்டனில் வெள்ளை மாளிகையில் இருந்தபடி அதிபர் ரூஸ்வெல்ட் பொத்தானை அழுத்த, சின்சினாட்டியில் விளக்குகள் எரிந்தன. அதையும் பார்பர்தான் நாட்டுக்குச் சொன்னார்.

பருவத்தின் இறுதிப் போட்டியான உலகத் தொடருக்கு முன் 1935இல் நடந்த ஒரு சிறு கூட்டத்தை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பேஸ்பாலின் ஆணையர் கென்னிசா மவுண்டன் லேண்டிஸ், முன்னாள் நீதிபதி, கண்டிப்புக்குப் பெயர்போனவர். வர்ணனையாளர்களை எல்லாம் கூட்டிவைத்து அவர் சொன்னதன் சாரம் இது: ஆட அறிந்தவர்கள் களத்தில் இருக்கிறார்கள், அணியை நடத்த அறிந்தவர்கள் வெளியே இருக்கிறார்கள், தீர்ப்புச் சொல்ல நடுவர்கள் இருக்கிறார்கள், உங்கள் வேலை நடப்பதைச் சொல்வது மட்டும். ஓர் ஆட்டக்காரன் என் இருக்கைக்கு வந்து என் முகத்தில் துப்பினால்கூட அதைச் சொல்லுங்கள், நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லுங்கள், ஆனால் அது சரியா தவறா என்று நீங்கள் அலச வேண்டாம். இருபத்தேழு வயது பார்பர் இதைக் கேட்டார். மற்றவர்களுக்கு அது ஓர் அதிகாரியின் உத்தரவு. பார்பருக்கு வாழ்நாள் விதியாயிற்று.

1939இல் புரூக்ளின். அதுவரை நியூயார்க்கின் மூன்று அணிகளும் தங்கள் ஆட்டங்களை ஒலிபரப்புவதில்லை என்று தமக்குள் ஓர் உடன்பாடு வைத்திருந்தன. வானொலியில் இலவசமாகக் கேட்டால் சீட்டு வாங்கி யார் வருவார்கள் என்ற பயம். புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்கு வந்து சேர்ந்த லாரி மெக்ஃபெயில் அந்த உடன்பாட்டை உடைத்து, சின்சினாட்டியில் தமக்குப் பழக்கமான பார்பரைக் கூட்டிவந்தார். கோடையில் திறந்து கிடந்த ஜன்னல்கள் வழியே வீட்டுக்கு வீடு பார்பர் குரல் கேட்டது. தெருவில் நடந்துபோகும் ஒருவர் ஒரு பந்தையும் தவறவிடாமல் ஆட்டத்தைக் கேட்டுக்கொண்டே போகலாம் என்று புரூக்ளின்வாசிகள் சொல்வார்கள். இத்தாலியரும் யூதரும் ஐரிஷ்காரரும் நெருக்கியடித்து வாழ்ந்த அந்த நகரப் பகுதிக்குத் தெற்கத்திய இழுவையோடு பேசும் ஒருவர் சொந்தக் குரலானார். அவருடைய நாட்டுப்புறச் சொலவடைகள் அவ்வளவு பரவின. ஜேம்ஸ் தர்பர் 1942இல் எழுதிய 'தி கேட்பேர்ட் சீட்' கதையின் தலைப்பே பார்பர் அடிக்கடி சொன்ன ஒரு தொடர்தான்.

அவருடைய மேசைமேல் மூன்று நிமிட மணற்கடிகாரம் ஒன்று இருக்கும். முட்டை வேகவைக்க வைத்துக்கொள்வார்களே, அதுதான். மணல் இறங்கி முடிந்ததும் ஆட்டநிலையைச் சொல்லிவிட்டுத் திருப்பி வைப்பார். நடுவில் வந்து சேரும் நேயர் ஒருவர் ஸ்கோர் தெரியாமல் தவிக்கக் கூடாது. இவ்வளவு எளிய மரியாதையை அதற்கு முன் யாரும் யோசிக்கவில்லை. 'நம்ம அணி' என்ற பேச்சும் அவரிடம் கிடையாது. எதிரணிக்காரன் நன்றாக ஆடினால் அதே குரலில் அதையும் சொல்வார்.

இவருடைய குணத்தை முழுதாகக் காட்டுவது வெளியூர் ஆட்டங்களை அவர் நடத்திய விதம். அந்தக் காலத்தில் வர்ணனையாளரை அணியோடு ஊர் ஊராக அனுப்பச் செலவு அதிகம். எனவே வெளியூர் மைதானத்திலிருந்து ஒருவர் தந்தியில் சுருக்கமாக அனுப்புவார். நிலையத்தில் உட்கார்ந்திருப்பவர் அதை வைத்து ஆட்டத்தை மறுபடி உருவாக்கிச் சொல்வார். மட்டையில் பந்து படும் சத்தத்துக்கு ஒரு மரக்குச்சி, கூட்டத்தின் ஆரவாரத்துக்கு ஓர் இசைத்தட்டு. ஐயோவா மாநிலத்தில் இந்த வேலையைச் செய்த இளைஞர் ஒருவர், தந்தி அறுந்துபோனபோது, அடிப்பவர் பந்து பந்தாகக் கோட்டுக்கு வெளியே அடித்துத் தள்ளுவதாகப் பல நிமிடங்கள் கற்பனையிலேயே ஓட்டினார். பின்னாளில் அமெரிக்க அதிபரான ரொனால்ட் ரீகன்தான் அந்த இளைஞர். இந்தக் கதையை அவரே பலமுறை சொல்லி மகிழ்ந்திருக்கிறார்.

பார்பர் என்ன செய்தார்? ஒலிவாங்கியைத் தந்திக் கருவிக்குப் பக்கத்தில் வைத்தார். கருவி தட்டும் ஒலி நேயருக்குத் தெளிவாகக் கேட்டது. செய்தி வந்தால் சொன்னார். வராவிட்டால், தந்தி நின்றிருக்கிறது என்றே சொன்னார். ஏமாற்ற வாய்ப்பிருந்த இடத்தில் கதவைத் திறந்து வைத்த மனிதர். வர்ணனைக் கலையில் அழகு, வேகம், நகைச்சுவை என்று எத்தனையோ உண்டு. எனக்கு அந்தத் தந்திக் கருவியின் தட்டல்தான் அவற்றையெல்லாம் விடப் பெரிது.

1939 ஆகஸ்ட் 26 அன்று புரூக்ளினின் எபெட்ஸ் ஃபீல்டில் இருந்து முதல் பெருங்குழு ஆட்டம் தொலைக்காட்சியில் போனது. கேமராக்கள் இரண்டே. எந்தக் கேமரா எதைக் காட்டுகிறது என்று பார்க்க பார்பருக்குத் திரை கிடையாது, ஊகித்துத்தான் பேசினார். விளம்பரமும் அவரே: சவர்க்காரத்தைக் கையில் உயர்த்திக் காட்டினார், பெட்ரோல் நிறுவனத்தின் தொப்பியைப் போட்டுக்கொண்டார், கிண்ணத்தில் தானியச் செதிலைக் கொட்டி வாழைப்பழம் நறுக்கிப் போட்டார். நினைவுப் பரிசு ஏதாவது தாருங்கள் என்று கேட்டதற்கு என்.பி.சி. நிறுவனம் பெயர் பொறித்த வெள்ளிச் சிகரெட் பெட்டியை அனுப்பியது. கூடவே 35 டாலருக்கு ஒரு பில்லும் வந்தது.

இனி 1945. மார்ச் மாதம். டாட்ஜர்ஸ் அணியின் தலைமை இப்போது பிராஞ்ச் ரிக்கியிடம். அவர் பார்பரை 'ஜோஸ்' என்ற புரூக்ளின் உணவகத்துக்கு அழைத்துப்போய் ஒரு ரகசியத்தைச் சொன்னார். முதலில் ஒரு பழைய சம்பவம். கல்லூரி அணி ஒன்றுக்குத் தாம் பயிற்சியாளராக இருந்தபோது, சார்லஸ் தாமஸ் என்ற கறுப்பு இளைஞருக்கு ஒரு விடுதி அறை தர மறுத்தது; கெஞ்சிக் கூத்தாடி அவரைத் தம் அறையிலேயே தங்கவைத்தார் ரிக்கி. இரவில் அந்த இளைஞர் தம் கைகளைத் தேய்த்துத் தேய்த்து, இந்தத் தோலை உரித்துவிட முடிந்தால் போதுமே என்று அழுதாராம். அந்த அழுகை நாற்பது ஆண்டுகளாகத் தம் காதில் இருப்பதாகச் சொன்ன ரிக்கி, புரூக்ளின் அணிக்கு ஒரு கறுப்பு ஆட்டக்காரரைக் கொண்டுவரப் போவதாகச் சொல்லி முடித்தார். யார் என்று அப்போது அவருக்கே தெரியாது. அணியின் இயக்குநர்களுக்கும் ரிக்கியின் குடும்பத்துக்கும் மட்டுமே தெரிந்த திட்டம்.

பார்பரை ஏன் முன்கூட்டி அழைத்துச் சொல்ல வேண்டும்? புரூக்ளின் ஆட்டத்தைப் பார்த்தவர்களைவிடக் கேட்டவர்கள்தான் மிகுதி. அந்தக் கறுப்பு ஆட்டக்காரர் நியூயார்க்கின் வீடுகளுக்குள் முதலில் நுழையப்போவது ஒரு தெற்கத்திய வெள்ளையரின் குரல் வழியாக. அந்தக் குரலில் ஓர் ஏளனமோ, ஒரு தயக்கமோ, அளவுக்கு மீறிய ஒரு பரிவோ தொனித்தால் போதும், காரியம் கெட்டுவிடும். ரிக்கிக்கு இது தெரிந்திருந்தது.

பார்பர் வீட்டுக்குப் போய் லைலாவிடம் வேலையை விடப்போவதாகச் சொன்னார். லைலா வாதாடவில்லை. இன்றே விட வேண்டும் என்று ஒன்றும் இல்லையே, முதலில் ஆளுக்கு ஒரு மார்ட்டினி குடிப்போம் என்றார். அந்த ஓர் இரவு தாமதம் போதுமானதாக இருந்தது. அடுத்த நாட்களில் பார்பர் தமக்குள் கேட்டுக்கொண்ட கேள்விகளைப் பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார். எந்தத் தாய் தந்தைக்குப் பிறப்பது என்பதில் எனக்கு ஏதாவது பங்கு இருந்ததா? இல்லை. அப்படியானால் இந்த வெள்ளைத் தோலில் நான் பெருமைப்பட என்ன இருக்கிறது? அதன்பின் லேண்டிஸின் பழைய சொல் நினைவுக்கு வந்தது: நடப்பதைச் சொல். வருபவர் பந்தை அடித்தால் அடித்தார் என்று சொல்ல வேண்டும், விட்டால் விட்டார் என்று சொல்ல வேண்டும். அவ்வளவே.

வந்தவர் ஜாக்கி ராபின்சன். 1946 வசந்தத்தில், டாட்ஜர்ஸின் துணை அணியான மான்ட்ரியாலுக்குப் பயிற்சி பெறப் புளோரிடா வந்தபோது, ஓர் ஊர்க்காரர்கள் மிரட்டி அவரை இரவோடிரவாகக் கிளம்பவைத்தார்கள். அந்த ஊர் சான்ஃபோர்ட். பார்பர் வளர்ந்த அதே சான்ஃபோர்ட்.

1947 ஏப்ரல் 15 அன்று எபெட்ஸ் ஃபீல்டில் ராபின்சன் களமிறங்கினார். அந்தப் பருவம் முழுதும் பார்பர் அவரை ஓர் ஆட்டக்காரராக மட்டுமே வர்ணித்தார். எப்படி நிற்கிறார், எப்படி ஓடித் தளத்தைத் திருடுகிறார், பந்து எங்கே விழுந்தது. புகழுரையும் இல்லை, இரக்கமும் இல்லை. இதில் பெரிய வீரம் எதுவும் இல்லை என்று தோன்றலாம். கலகம் வெடிக்குமோ என்று நாடே பதறிக்கொண்டிருந்த ஒரு பருவத்தில், கரி பூசிய நடிப்பில் மயங்கி வளர்ந்த ஒருவர், நாள்தோறும் இரண்டு மணி நேரத்துக்கு மேல், குரலில் ஒரு பிசிறு தட்டாமல் இதைச் செய்தார் என்பதுதான் வியப்பு. ராபின்சன் பிறகு அவருக்கு நன்றி பாராட்டினார். ராபின்சனுக்குத் தாம் செய்ததைவிடத் தமக்கு ராபின்சன் செய்ததே அதிகம் என்றார் பார்பர். அந்த ஒரே ஆண்டைப் பற்றி 1982இல் தனியாக ஒரு புத்தகமே எழுதினார்.

அதே 1947இன் உலகத் தொடர், அக்டோபர் 3, நான்காவது ஆட்டம். யாங்கீஸ் அணிக்காகப் பந்தெறிந்த பில் பெவன்ஸ், டாட்ஜர்ஸ் அணிக்கு ஒரு 'ஹிட்' கூடக் கொடுக்காமல் எறிந்துகொண்டிருந்தார். உலகத் தொடரில் அதுவரை யாரும் செய்யாத சாதனை. இப்படி நடக்கும்போது அதை வாய்விட்டுச் சொன்னால் ராசி கெட்டுவிடும் என்பது பேஸ்பால்காரர்களின் பழைய நம்பிக்கை. முதல் பாதியை வர்ணித்த மெல் ஆலன் சொல்லவில்லை. பார்பர் ஒலிவாங்கியை வாங்கியதும் முதல் வேலையாக ஸ்கோரையும் ஹிட்டுகளையும் சொன்னார்: புரூக்ளினுக்கு ஹிட் பூஜ்யம். ஒன்பதாவது இன்னிங்ஸ், இருவர் அவுட், இன்னும் ஒருவர்தான் பாக்கி. குக்கி லாவஜெட்டோ வலப்புறச் சுவரில் மோதும்படி அடித்தார். இரண்டு ரன், 3–2 என்று டாட்ஜர்ஸ் வென்றது. பெவன்ஸின் சாதனையும் ஆட்டமும் ஒரே அடியில் போயின. யாங்கீஸ் ரசிகர்கள் பலர் பழியைப் பார்பர்மேல் போட்டார்கள். அவர் சளைக்கவில்லை.

1948இல் வயிற்றுப் புண் வெடித்துப் பிட்ஸ்பர்க்கில் விழுந்தார். அவசரத்துக்கு அட்லாண்டாவில் இருந்து எர்னி ஹார்வெல்லை வரவழைக்க வேண்டியிருந்தது. ஒரு 'கேட்சர்' தந்தால்தான் விடுவேன் என்றது அட்லாண்டா அணி. கிளிஃப் டாப்பர் என்ற ஆட்டக்காரரைக் கொடுத்து ஒரு வர்ணனையாளரை வாங்கினார் ரிக்கி. ஹார்வெல் போன பிறகு 1950இல் வந்தவர் வின் ஸ்கல்லி என்ற இருபத்திரண்டு வயதுப் பையன். முந்தைய நவம்பரில், ஒரு கால்பந்து ஆட்டத்தை பாஸ்டன் மைதானத்தின் கூரைமேல் குளிரில், மேல்கோட்டுகூட இல்லாமல் நின்று வர்ணித்துவிட்டு, தாம் பட்ட அவதியைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லாதவர். பார்பர் அதைக் கவனித்திருந்தார்.

1953இல் பிரிவு. உலகத் தொடரைத் தொலைக்காட்சியில் வர்ணிக்க விளம்பரதாரரான ஜில்லெட் ஆட்டத்துக்கு 200 டாலர் என்றது. இஷ்டமிருந்தால் எடுத்துக்கொள் என்ற தோரணை. ஊதியத்தைப் பேசித் தீர்மானிக்கும் உரிமையைப் பார்பர் கேட்டார். அணியின் புதிய தலைவர் வால்ட்டர் ஓமாலி கைவிரித்தார். பார்பர் டாட்ஜர்ஸை விட்டு வெளியேறி, மறு ஆண்டு எதிர்முகாமான யாங்கீஸில் சேர்ந்தார். அங்கே பதின்மூன்று பருவங்கள். ஒரு காது கேளாமல் போனது. பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மெல்ல மெல்ல முன்னாள் ஆட்டக்காரர்களாக மாறினார்கள். அவர்களுடைய அரட்டையும் தற்பெருமையும் அவருக்கு ஒத்துவரவில்லை.

1966 செப்டம்பர் 22. யாங்கீஸ் பட்டியலின் அடிமட்டத்தில். மழையால் தள்ளிவைக்கப்பட்ட ஆட்டம், ஈரமான வேலைநாள். அறுபத்தைந்தாயிரம் பேருக்கு மேல் கொள்ளும் யாங்கீ மைதானத்துக்குச் சீட்டு வாங்கி வந்தவர்கள் 413 பேர். இன்றைய செய்தி ஆட்டம் இல்லை, இந்தக் காலி இருக்கைகள்தான் என்று பார்பருக்குப் பட்டது. கேமராவை அந்தப் பக்கம் திருப்பச் சொன்னார். மறுத்துவிட்டார்கள். மறுபடி கேட்டார். மறுபடி மறுப்பு. அப்போது அவர் ஒலிவாங்கியில், இந்த மைதானத்தின் வரலாற்றிலேயே மிகச் சிறிய கூட்டம் இதுவாகத்தான் இருக்கும், இன்று ஆட்டத்தைவிடக் கூட்டமே செய்தி என்ற பொருளில் சொல்லிவிட்டார். சில நாள் கழித்து, சி.பி.எஸ். நிறுவனம் புதிதாக அமர்த்திய அணித் தலைவர் மைக்கேல் பர்க்கோடு காலை உணவு. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்ற தகவல் அங்கே கிடைத்தது. முடிவு அந்த ஆட்டத்துக்கு முன்பே எடுக்கப்பட்டது என்போரும் உண்டு. இருக்கலாம். ஆனால் கேமராவைத் திருப்ப மறுத்தவர்களுக்கும் பார்பருக்கும் இடையே இருந்த தூரத்தை அந்த நாள் நன்றாகவே அளந்து காட்டியது.

முப்பத்து மூன்று பருவங்களுக்குப் பிறகு வேலை போயிற்று, வயது 58. பார்பரும் லைலாவும் புளோரிடாவுக்குத் திரும்பி, பின்னர் டாலஹாசியில் குடியேறினார்கள். புத்தகங்கள் எழுதினார். தேவாலயத்தில் வேதம் வாசித்தார். 1978இல் வர்ணனையாளர்களுக்கான ஃபோர்ட் ஃப்ரிக் விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது மெல் ஆலனோடு சேர்ந்து பெற்றார்.

1981இல் பொது வானொலியான என்.பி.ஆர். அழைத்தது. வெள்ளிக்கிழமை காலை, 'மார்னிங் எடிஷன்' நிகழ்ச்சியில் நான்கு நிமிடம். வாஷிங்டன் நிலையத்தில் பாப் எட்வர்ட்ஸ், டாலஹாசி வீட்டில் பார்பர், நேரடி உரையாடல். எட்வர்ட்ஸ் விளையாட்டைப் பற்றிக் கேள்வி தயாரித்து வைத்திருப்பார். பார்பர் தோட்டத்தில் கமேலியா பூத்ததைச் சொல்வார், ஆர்வே என்ற தம் பூனையைப் பற்றிச் சொல்வார், பைபிள் வரி ஒன்றுக்குத் தாவுவார், அங்கிருந்து எப்படியோ அந்த வாரத்து ஆட்டத்துக்கு வந்து சரியாக நேரத்தில் முடிப்பார். எபெட்ஸ் ஃபீல்ட் இடிக்கப்பட்ட பிறகு பிறந்த ஒரு தலைமுறை, வேலைக்குப் போகும் காரில் உட்கார்ந்து அவரைக் கேட்டது. ஏறத்தாழ அறுநூறு வெள்ளிக்கிழமைகள். 1992 அக்டோபரில் உடல் படுத்தபோதுதான் அந்தக் குரல் நின்றது. 22ஆம் தேதி, 84ஆம் வயதில் காலமானார்.

அப்போது லாஸ் ஏஞ்சலிஸில் வின் ஸ்கல்லி தம் 43ஆவது டாட்ஜர்ஸ் பருவத்தை முடித்திருந்தார். இன்னும் 24 பருவங்கள் அவருக்கு மிச்சம் இருந்தன. மைதானத்துக்குள் டிரான்சிஸ்டரைக் கொண்டுவந்து, கண்முன் நடக்கும் ஆட்டத்தையே அவர் குரலில் கேட்ட ரசிகர்களின் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)